ஒரே எண்ணுக்கு ஏழு வரிகள்

மருத்துவமனைப் பதிவுகள் ஒரு பிளாக்செயின் பேரேட்டில் இருந்தன, பள்ளிப் பதிவுகள் இன்னொன்றில், அலுவலக வருகை மூன்றாவதில். ஒன்று தேதியை நேராக எழுதும், ஒன்று தலைகீழாக எழுதும், மூன்றாவது விநாடிகளாகவே எண்ணும். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றோடொன்று பேசாது. மூன்றையும் ஒரே கேள்வியில் தேட ஒரு இண்டெக்ஸ் கட்ட எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது.

"முதல்ல உன் அடையாள எண்ணையே போட்டுப் பாரு," என்றார் டீம் லீடர்.

பிறப்பு, பள்ளி, இன்றைய வருகை என்று மூன்று வரிகள் வர வேண்டும். ஏழு வந்தன. ஒரே எண்ணில் 6:10-க்கு ஒரு பிறப்பு, 6:14-க்கு இன்னொன்று. 6:10 குழந்தை அன்றே இறந்திருந்தது. பள்ளியில் இருவருமே தேறியிருந்தார்கள். இன்று காலை இருவருமே இந்த அலுவலகத்துக்குள் வந்திருந்தார்கள்.

"டூப்ளிகேட்டா இருக்கும். ஒண்ணைத் தூக்கிடு," என்றார் லீடர்.

அதில் எது நான் என்று இண்டெக்ஸ் சொல்லவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, நான் எத்தனை மணிக்குப் பொறந்தேன்?"

அம்மா அலுத்துக்கொண்டாள்.

"இப்பத்தான்டா அவனுக்குச் சொன்னேன். பக்கத்து சீட்டுலதானே இருக்கான், அவன்கிட்டயே கேட்டுக்க."