சுவரில் ஊறிய நீலம்

பாலக்கரை வீட்டு ஹாலில் பெயின்ட் ஈரமாக மணக்கிறது. ஜெஸிமா அத்தா என்று கூப்பிட்ட, இறந்துபோன அப்பாவின் வீடியோக்களையெல்லாம் சேமித்து வைத்திருக்கும் கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, வைஃபையும் வருகிறது, ஜெஸிமாவின் போன் மட்டும் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது. அதை அத்தா ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்திருந்த சுவரில்தான் நேற்று பெயின்டர் வீரமலை வெள்ளை அடித்துவிட்டார். “ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிக்கக் கூடாதாண்ணே?” என்கிறாள். “பிள்ளைங்க கிறுக்கலுன்னு நினைச்சேம்மா.” ஸ்கெட்ச் மை சனியன், எத்தனை கோட்டிங் அடித்தாலும் மேலே ஊறி வந்து மானத்தை வாங்கும் என்று முப்பது வருஷமாகத் திட்டியவர், இன்று அதையே நம்பி ஈரப் பஞ்சால் அந்த இடத்தை ஒற்றுகிறார். ஜன்னல் வெயில் சாய்வாக விழுகிறது. வெள்ளைக்குள்ளிருந்து நீலம் மெல்லக் கசிகிறது. ஓர் எழுத்து, அப்புறம் ஓர் ஏழு. ஜெஸிமா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். பெட்டிக்குள் கரகரவென்று ஏதோ சுழல்கிறது. “ஜெஸி, ரெக்கார்டு ஆகுதாம்மா?” என்று போனில் அத்தாவின் குரல் கேட்கிறது. அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். “எழுதி வச்சுக்கம்மா, இன்னொரு கோட்டிங்ல மறைச்சிடுறேன்” என்கிறார் வீரமலை. “வேணாண்ணே, அது அப்படியே இருக்கட்டும்.” “கறையோட விட்டா என் வேலையைப் பத்தி நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்று முனகிக்கொண்டே வீரமலை பிரஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கிறார்.