மாதம் இரண்டு நடவு

"போன மாசம் ரெண்டு சனிக்கிழமை நடவுன்னு லேப் வைக்கல. இந்த மாசமும் ரெண்டு நடவு. உங்க வயல்ல மட்டும் எத்தனை போகம் சார் வெளையுது?"

துறைத்தலைவர் மோகனப்பிரியா பொரிந்து தள்ளினாள். பேராசிரியர் இளவழகன் தலையைச் சொறிந்தார்.

"ஞாயித்துக்கிழமை லேப் வெச்சு சரிக்கட்டிடறேன் மேடம்."

அவர் போனதும் மெமோ எழுத உட்கார்ந்தாள். அப்போது மாணவி தர்ஷிகா உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தாள். இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள், குடியுரிமை கிடையாது. இணைத்திருந்தது முகாம் அட்டையின் நகல் மட்டுமே. அதில் முத்திரையோடு வரிசையாகத் தேதிகள்.

"இதெல்லாம் என்னம்மா?"

"முகாம்ல செக்கிங் நடந்த நாள் மேடம். பேர் கூப்பிடறப்ப நேர்ல நிக்கணும், இல்லேன்னா பதிவுலேர்ந்து எடுத்துடுவாங்க. அடுத்தது பதினாலாம் தேதி. என் அதிர்ஷ்டம், அன்னிக்கெல்லாம் இளவழகன் சாருக்கு வயல் வேலை வந்துடுது. இதுவரைக்கும் ஒரு லேப்கூட நான் விட்டதில்ல."

மோகனப்பிரியா தேதிகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டாள். எல்லாமே அந்தச் சனிக்கிழமைகள்தான்.

தர்ஷிகா போனதும் மெமோவைக் கிழித்துவிட்டு, இளவழகனுக்குப் போன் செய்தாள்.

"சார், அடுத்த நடவு பதினாலாம் தேதிதானே? டைம்டேபிள்லயே லேப்பை மாத்திட்டேன்."