சிவந்த உள்ளங்கால்

அயர்ந்து தூங்கிய பச்சைப்பிள்ளையின் உள்ளங்காலில் விரலால் பட்டென்று சுண்டினாள் பிரவீனா. பிள்ளை வீல் என்று அலறியது.

வாசலில் பத்தியக் குழம்போடு நின்ற தேன்மொழிக்கு வயிறு எரிந்தது. தம்பி மனைவிக்குப் பிள்ளைப்பேறு பார்க்க பண்டார் தெங்காராவிலிருந்து தெப்ராவுக்கு வந்த நாளாக இந்தக் கூத்தைத்தான் பார்க்கிறாள். ஏழு மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த பிள்ளை, கையளவு உடம்பு. அதைப் பெற்றவளே சுண்டி எழுப்புகிறாள்!

ஏன் என்று கேட்டால் ஒரு கதை. குறைமாசப் பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமாம். நின்றால் காலைச் சுண்டச் சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தாராம்.

எந்த மிஸ்ஸி பிள்ளையை அடிக்கச் சொல்லுவாள்? இரண்டு பெற்று வளர்த்த தேன்மொழிக்கா தெரியாது? பெண்ணாகப் போச்சே என்ற ஆத்திரம், வேறென்ன.

அன்றே இதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். சொந்தபந்தம் ஆளாளுக்குப் பிரவீனாவைக் கிழித்துத் தோரணம் கட்டியது. ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

தம்பி ரூபேந்திரனுக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு ஓடுகிறவன். மிஸ்ஸி சொன்னதை நேரில் கேட்டவனில்லை. லீவு நாளில் மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னொரு வாட்டி அவ கால்ல கை வச்சே, பிள்ளைய அக்கா கூடவே அனுப்பிடுவேன்.”

பிரவீனா குளிக்கப் போகுமுன் தேன்மொழியிடம் மட்டும் கெஞ்சினாள்.

“பிள்ளை முகத்தப் பார்க்காதீங்க அண்ணி. வயித்தப் பாருங்க.”

ரொம்பத்தான் என்று முனகிக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள் தேன்மொழி. ஆனாலும் கண் வயிற்றுக்குத்தான் போனது. ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

பிறகு ஏறவில்லை.

இதோ ஏறும் என்று பார்த்தாள். ஏறவில்லை. சின்ன உதடு நாவற்பழமாய்க் கறுத்தது. ஐயோ மாரியாத்தா என்று அவள் வாய் குழற, கை தானாகப் போய் உள்ளங்காலைச் சுண்டியது. அசைவில்லை. பலமாகச் சுண்டினாள். இன்னும் பலமாக.

வீல் என்று அலறியது பிள்ளை. தேன்மொழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஈரத்தலையோடு ஓடிவந்த பிரவீனா பிள்ளையை வாரி எடுத்தாள். சிவந்த காலைப் பார்த்தாள், தேன்மொழியைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை. நன்றிதான் இருந்தது.

பின்னாலேயே வந்து நின்றான் ரூபேந்திரன்.

“கால் ஏன் இப்படிச் சிவந்திருக்கு? மறுபடியும் சுண்டினியா?”

பிரவீனா இனி அண்ணியே சொல்லிவிடுவார் என்று நிம்மதியாக நின்றாள்.

தேன்மொழியின் மடியில் கிடந்த கைப்பேசி மினுங்கியது. அந்தப் பாதகத்தி திருந்தினாளா என்று சிம்பாங் ரெங்கம் சித்தி கேட்டிருந்தாள். அதற்குக் கீழே ஆறேழு பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

தேன்மொழி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன் தம்பி. உன் பொண்டாட்டி கேட்க மாட்டேங்குறா.”