கலர் கோளாறு

"அசையாம உட்காரு டோரீன். நீ ஆடினா எனக்குக் கலர் பிடிபடல."

மேசைக்கு அடியிலிருந்து ஞானசேகரனின் குரல் மட்டும் வந்தது. புது கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டோரீன் ஆடவே இல்லை. முழங்கையைக் கொஞ்சம் சொறிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

விவேக் நகரில் அந்த வீட்டில் மூன்று நாளாக இதே கூத்துதான். போன மாதம் டப்ளினில் மகள் ஆஞ்சலாவுக்குப் பிள்ளை பிறந்தது. விசா வரவில்லை, போக முடியவில்லை. பேரனை அவள் வீடியோவில் காட்டிய நேரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. குழந்தையின் ஒரு காது மட்டும் திரையில் உறைந்து நிற்க, புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் காதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு போனில் பார்த்தார்கள்தான். "எலுமிச்சம்பழம் சைஸ்ல தெரியறான். இதெல்லாம் ஒரு பார்வையா?" என்றுவிட்டார் ஞானசேகரன்.

இன்று பேரனுக்கு ஞானஸ்நானம். கோயிலுக்குப் புறப்படும் முன் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று ஆஞ்சலா சொல்லியிருந்தாள். இந்தத் தடவையும் சொதப்பினால் அவருக்கு மானக்கேடு. பிளாப்பி காலத்திலிருந்து ரிட்டயர் ஆகும்வரை ஆபீசில் கம்ப்யூட்டர் செக்‌ஷனையே கட்டி மேய்த்தவர் அவர்.

அதனால் மதர்போர்டு, ராம், பெரிய மானிட்டர், கேமரா என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கி, தன் கையாலேயே மாட்டினார். எல்லாம் ஓடியது. படம் மட்டும் மஞ்சள் அடித்தது.

"அந்தக் காலத்து மானிட்டர்ல மஞ்சள் அடிச்சா, கேபிள்ல ஒரு பின் வளைஞ்சிருக்கும். நிமித்திச் சொருகினா சரியாப் போயிடும். அதுக்கும் கேக்கலைன்னா மண்டையில ஒண்ணு போடலாம்." முட்டியைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வெளியே வந்தார். "இது அப்பளம் மாதிரி இருக்கு. இதுல எங்க போடறது?"

"படம் நல்லாத்தானேங்க இருக்கு. நான் கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"என்ன நல்லாருக்கு? மஞ்சள் தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்கே உன் மூஞ்சி. உட்காரு."

எஸ்.பி. ரோட்டுக் கடையில் கம்ப்யூட்டர் சாமான் கொடுத்த கன்னடக்காரப் பையன் ரவியைப் போனில் பிடித்தார்.

"ஏனு சார், இன்னும் கலர் ப்ராப்ளமா? பின்னாடி இருக்கிறதெல்லாம் எப்படித் தெரியுது?"

ஞானசேகரன் திரையைப் பார்த்தார். நீலச் சுவர் நீலமாகவே இருந்தது. வேளாங்கண்ணி மாதா காலண்டரும் அச்சு அசலாக இருந்தது. "அதெல்லாம் சரியா இருக்குப்பா. மூஞ்சி மட்டும்தான்."

"அப்போ பியூட்டி எஃபெக்ட் ஏதோ ஆன் ஆயிருக்கும் சார். தேடி ஆஃப் பண்ணிடுங்க."

தேடினார். எங்கேயும் அகப்படவில்லை. "கேமரான்னா இருக்கறதைக் காட்டணும். பவுடர் பூசறதுக்கு இது என்ன பியூட்டி பார்லரா?" என்று எகிறினார். டோரீன் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அவள் அப்படிச் சாய்ந்துகொண்டது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மதியம் மட்டன் குழம்பு வாசனையே பிடிக்கவில்லை என்று தட்டை மூடிவிட்டாள். ஒரு வாரமாகவே இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கம்ப்யூட்டருக்குச் செலவழித்த கோபத்தைச் சோற்றின் மேல் காட்டுகிறாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். பேரனைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும் என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால், திரையின் ஒரு மூலையில் கேமராவின் கலரைக் கூட்டிக் குறைக்கிற வசதி கண்ணில் பட்டது. மஞ்சளை இறக்கி, நீலத்தை ஏற்றிக்கொண்டே போனார். டோரீனின் முகம் டோரீனின் முகமாக வந்தது. சுவர் நீலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. டப்ளினிலிருந்து சுவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆஞ்சலா கூப்பிட்டாள். வெள்ளைக் கவுனில் பேரன், கொட்டாவி விட்ட வாயின் ஈறுவரை தெளிவாகத் தெரிந்தான். டோரீன் கையை நீட்டித் திரையிலேயே அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். ஞானசேகரனுக்கு மூன்று நாள் கோபமும் அந்த நிமிஷமே வடிந்துபோயிற்று. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆஞ்சலா சிரிக்க ஆரம்பித்தாள். "என்ன டாடி, நீலத்துல முக்கி எடுத்த வேட்டி மாதிரி இருக்கீங்க?"

"நானா? மம்மி எப்படித் தெரியறா?"

"மம்மி நல்லாத்தான் தெரியறாங்க. நீங்கதான் நீலம்."

"ஒரே கேமராவுல அது எப்படிம்மா?" அவருக்கு மறுபடியும் மண்டை சூடாகியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மாற்றியதையெல்லாம் பழையபடியே வைத்தார். "இப்ப பாரு."

டப்ளினிலிருந்து பதில் இல்லை. மறுபடியும் உறைந்துவிட்டதோ என்று ஞானசேகரன் பதறிப்போனார். ஆனால் பேரன் காலை உதைத்துக்கொண்டிருந்தான். ஆஞ்சலாதான் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரைக்கு வெகு அருகில் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா. கேமரா சரியாச்சா இல்லையா?"

"கேமரா சரியாத்தான் இருக்கு டாடி. மம்மிக்குக் கண்ணுகூட மஞ்சளா இருக்கு."