வேதத்துக்கு உட்பட்ட சண்டை

கைக்கட்டைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டிருக்கலாம், பாவம், விரலெல்லாம் வீங்கியிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். எதிரே அவள் கணவர் தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் காலையில் அவளே சுற்றிவிட்ட துணிக்கட்டு.

ஆலய அலுவலக அறையில் போதகர், பொருளாளர், மாதர் ஐக்கியத் தலைவி மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கணவரும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் அவள் மட்டும்.

“போன ஞாயித்துக்கிழமை இவர் ஆர்கன் வாசிக்காம பாட்டே எடுபடலை,” என்றார் தலைவி. “குளியலறையில வழுக்கி விழுந்துட்டாராமே. எப்பேர்ப்பட்ட கை! ஒரு எறும்பைக்கூட நசுக்காது.”

கணவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். சபையில் அவருக்கு ‘ஆட்டுக்குட்டி’ என்று செல்லப்பெயர்.

போதகர் தொண்டையைச் செருமினார். “விஷயத்துக்கு வருவோம். நீ கராத்தே கத்துக்கிறியாமேம்மா? உன் ஆத்துமாவை நினைச்சு இவர் என்கிட்ட வந்து அழுதுட்டாரு.”

“கராத்தே இல்லைங்க ஐயா. ஐக்கிடோ.”

“கேட்க ஐக்கியம் மாதிரி நல்லாத்தான் இருக்கு,” என்றார் பொருளாளர். தலைவி முறைத்ததும் குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். “ஆரம்பிக்கும்போது குனிஞ்சு வணங்குறீங்களாமே, யாரை?”

“எதிர்ல நிக்கிறவங்களை.”

அவர்களும் பதிலுக்கு வணங்குவார்கள் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். முதல் நாள் ஒரு பெண் தன் முன்னால் தலை தாழ்த்தியபோது, வணக்கம் வேறு யாருக்கோ என்று அவள் திரும்பிப் பார்த்திருந்தாள்.

“சுவர்ல படம், சிலை ஏதாவது?”

“ஒரு கடிகாரம் இருக்கு. தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு தொங்குது.”

“கடிகாரம் எந்தத் திசையைப் பார்த்து?” என்று பொருளாளர் விடாமல் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அதையே ஒரு குற்றமாக எடுத்துக்கொண்டு அவர் தலையாட்டினார்.

“மூச்சுப் பயிற்சி வேற உண்டாமே?” என்றார் போதகர்.

“அடிவயித்துலேருந்து மூச்சு விடச் சொல்வாங்க.”

“நம்ம பாடகர் குழுவுக்கு நானும் அதைத்தானே சொல்றேன்,” என்று தலைவி வாய்தவறிச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். போதகர் அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டார்.

பொருளாளருக்குச் சமரசத்தில் நாட்டம் அதிகம். “முழுசா விடணும்னு இல்லையே, மாத்திக்கிட்டாப் போச்சு. மல்யுத்தம் கத்துக்கட்டும். யாக்கோபு விடிய விடிய மல்லுக்கட்டினவருதானே?”

“பொம்பளைக்கு மல்யுத்தமா!” என்றார் தலைவி.

“அப்போ சிலம்பம். பவுலே சிலம்பம்னு சொல்லியிருக்காரு. வேதத்துல அப்படியே இருக்கு.”

மூலமொழியில் அது குத்துச்சண்டை என்பது போதகருக்குத் தெரியும். சொன்னால் பேச்சு குத்துச்சண்டைக்குத் தாவும் என்பதும் தெரியும். அவர் தேநீரைக் குடித்தார்.

“அங்க அப்படி என்னதான் செய்றீங்க?” என்றார் பிறகு.

“நாமளா யாரையும் அடிக்கிறது கிடையாதுங்க ஐயா. யாராவது கையை ஓங்கிக்கிட்டு வந்தா, அந்தக் கையை அது போற போக்கிலேயே பிடிச்சுத் திருப்பி, ஆளைக் கீழ உக்கார வைக்கிறது. அவ்வளவுதான்.”

தலைவி விழுந்து விழுந்து சிரித்தார். “வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டியை வச்சுக்கிட்டு இருக்கே. உன்மேல யாரும்மா கையை ஓங்கப்போறாங்க?”

கணவரும் சிரித்தார். கோப்பையிலிருந்து தேநீர் சட்டையில் சிந்தியது.

“ஒரு கன்னத்துல அறைஞ்சா மறு கன்னத்தைக் காட்டுறதுதான் நம்ம வழி,” என்றார் போதகர். “கையைத் திருப்புறது இல்ல. இனிமே அங்க போகமாட்டேன்னு இவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இல்லேன்னா ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களை வேற ஆளுக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வழியில்லை.”

ஆளுக்கொரு சுருதியில் பாடும் அந்தப் பொடிசுகளுக்காகத்தான் வாரம் முழுவதும் அவள் காத்திருப்பாள். கதை சொல்லும்போது தன் குரல் நடுங்காமல் வருவது அந்த வகுப்பில் மட்டும்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு.

கைப்பையைத் திறந்து, ஞாயிறு பள்ளி அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“மன்னிச்சிருங்க ஐயா. நிறுத்த முடியாது.”

“என்ன பிடிவாதம் இது?” தலைவிக்கு மூச்சு வாங்கியது. “கட்டின புருஷன் கண்ணீர் விடுறாரு. அதைவிட அந்தச் சண்டை வகுப்பு உனக்குப் பெரிசாப் போச்சா?”

அவள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு கணவரிடம் போனாள். வீங்கிய கையைத் தன் கையில் எடுத்து, இறுகிப்போயிருந்த கட்டை அவிழ்த்து, வலிக்காதபடி மறுபடி சுற்றி முடிந்துவிட்டாள். அதுவரை அவர் அசையவே இல்லை.

பிறகு போதகரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“நான் நிறுத்தினா, இவர் மறுபடியும் ஆரம்பிச்சிருவாருங்க ஐயா.”