பன்னிரண்டாவது சாட்சி

கன்னியர் மடத்தின் முன்னறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. இறந்துபோன மடத்துத் தலைவி மதருக்குப் புனிதர் பட்டம் கேட்டு ரோமுக்கு அனுப்பப் பாதிரியார் சாட்சியம் எழுதிக்கொண்டிருக்கிறார். மதரோடு இருபது வருடம் அடுப்படியில் நின்ற சமையற்காரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறாள். ஜன்னல் வெயில் மேசைமேல் ஏறித் தாள்களைத் தொடுகிறது. "மதர் யார்மேலயாவது கோபப்பட்டதுண்டா?" என்று கேட்ட கையோடு அவரே "இல்லை" என்று எழுதிவிடுகிறார். முன்னால் வந்த பதினொரு பேரும் அதைத்தான் சொன்னார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்திருக்கிறாள், உட்காருகிறாள், மறுபடி எழுந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் பட்டமே போய்விடுமோ? "கோபமா? மூக்குக்கு மேல வரும் ஃபாதர்." பேனா நிற்கிறது. அவள் சட்டைக் கையை மேலே தள்ளுகிறாள். மணிக்கட்டில் பழைய தழும்பு வெயில் பட்டு மினுங்குகிறது. "பால் பொங்கி வழிஞ்சதுக்குச் சுடச்சுடக் கரண்டிய விட்டெறிஞ்சாங்க. கை ஆறுற வரைக்கும், ஒன்றரை மாசம், என் பாத்திரத்தையெல்லாம் அவங்கதான் முட்டி போட்டுத் தேய்ச்சாங்க. இப்ப நீங்க 'இல்லை'ன்னு எழுதிட்டா, அவங்க தேய்ச்சதெல்லாம் எதுக்கு ஃபாதர்?"