கரிச்சட்டி போட்ட இருட்டு

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் மீசையை ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடக்கிறேன். அத்தனையும் சத்தியம்.

நாலே பேர் சேர்ந்து நடத்திய காமிக்ஸ் அது. பதிப்பாளர் ஒரு பெண். கதை எழுதுவது அவள் வீட்டுக்காரர். பென்சிலில் படம் வரைவது அவளுடைய சித்தப்பா. பென்சில் கோட்டின் மேல் மை போடுகிறவருக்கு சித்தப்பா வைத்த பெயர் கரிச்சட்டி. ஆபீஸ் என்பது ஒரு மாடி அறை. நாலு பேரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டால் ஜன்னல் கண்ணாடி வெளியே பிதுங்கும், அவ்வளவு விசாலம்.

அன்று காலை காமிக்ஸ் செய்தி இதழ் தபாலில் வந்தது. அதில் தங்கள் புத்தகத்தின் விமர்சனத்தைப் படித்தவள் முகம் கடுகடுத்தது.

"இந்த முறையும் பாதிப் புத்தகம் கறுப்பு. துப்பறிபவர் கறுப்பு, திருடன் கறுப்பு, நாய்கூடக் கறுப்பு. மை போடுபவர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாரா?"

எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பா மேஜையைத் தட்டினார்.

"நான் சொன்னேனா இல்லையா? துப்பறிபவன் மூஞ்சிக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்மா. அந்தக் கரிச்சட்டி ஒரே இழுப்புல இருட்டாக்கிட்டான். கோடு கோடா மை போட அவனுக்கு வலிக்குது. சோம்பேறிப் பய!"

"நான் பார்த்துக்கறேன் சித்தப்பா."

"நீ பார்த்துப் பார்த்துத்தான் நாலு இதழ் கருகிப் போச்சு!"

அதற்கு மேல் பொறுக்க முடியாது என்று கிளம்பிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. வேறு ஆளும் பார்த்து வைத்திருந்தாள். கையிலிருக்கும் பக்கங்களைப் பிடுங்கிக்கொண்டு, கரிச்சட்டிக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதுதான் பாக்கி.

சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குள் போய் நின்றாள். மேஜையில் குனிந்திருந்தவர் இவளைப் பார்த்ததும், கோழி குஞ்சை மூடுகிற மாதிரி பக்கங்களை இரண்டு கையாலும் மூடினார்.

"அக்கா! ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே!"

"எதுக்கு? அதுக்குள்ள மிச்சத்தையும் கறுப்பாக்கவா? குடுங்க எல்லாத்தையும். இந்த இதழ்லேர்ந்து வேற ஆள் போடறாரு."

கரிச்சட்டியின் முகம் தொங்கிவிட்டது.

"சரிக்கா. இதை மட்டும் முடிச்சுக் குடுத்துடறேன்."

"நீங்க முடிச்சா அப்புறம் பார்க்க என்ன இருக்கும்?"

"எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்கக்கா. இதைப் பார்க்க மட்டும் வேண்டாமே..."

அவள் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை உருவி எடுத்தாள்.

சித்தப்பா வரைந்ததும் பக்கங்கள் நேரே கரிச்சட்டியிடம் போய்விடும். மை காய்ந்த பிறகு அவர் பென்சில் கோட்டையெல்லாம் ரப்பரால் அழித்துத்தான் ஆபீசுக்குத் தருவார். மை படாத பக்கத்தை அவள் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

முதல் கட்டத்தில் துப்பறிபவர். இடது கன்னத்தில் அந்தப் புகழ்பெற்ற தழும்பு. இரண்டாவது கட்டத்தில் தழும்பு வலது கன்னத்துக்குப் போயிருந்தது. மூன்றில் தழும்பே இல்லை. நாலில் தொப்பியும் கோட்டும் அவருடையவை, முகம் வேறு யாரோ. கூட ஓடிவந்த நாய் ஐந்தாவது கட்டத்தில் ஆடாகியிருந்தது.

கோடு மட்டும் அதே கோடு. அப்படியொரு அழகு.

அவள் பக்கத்திலிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"நாலு இதழா. முதல்ல பக்கத்துக்கு ஒரு கட்டம்தான் மாறிச்சு. இப்போ நாலஞ்சு ஆயிடுச்சு."

"நீங்களே சரியா வரைஞ்சிருக்கலாமே? உங்களுக்கு வராததா?"

"வரைஞ்சா வேற கைன்னு தெரிஞ்சுடும்க்கா. ‘ஓவியர் மாறிவிட்டாரா?’ன்னு அந்தப் பத்திரிகைக்காரன் அடுத்த மாசமே போட்டுடுவான். அதை அவர் படிச்சா என்ன ஆகும்? இருட்டா இருந்தா என்னைத்தானே திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்."

"சித்தப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா எனக்கு இவ்வளவு திட்டு விழுமா?" சிரிக்கப் பார்த்தார். "போன வாரம் என்னைப் பார்த்து ‘தம்பி யாரு?’ன்னார். மை பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் ‘டேய் கரிச்சட்டி, சோம்பேறி’ன்னு ஆரம்பிச்சார் பாருங்க... அப்பாடான்னு இருந்துச்சுக்கா."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. சித்தப்பாதான்.

"என்னம்மா, துரத்திட்டியா அவனை?"

"நல்லா டோஸ் விட்டேன் சித்தப்பா. தலையே நிமிரலை மனுஷன். இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டுமே."

"உனக்கு இளகின மனசு. சரி, அந்தத் தழும்பையாவது பார்த்து மை போடச் சொல்லு. இருபது வருஷமா இடம் மாறாம காப்பாத்திட்டு வர்றேன்."

"சொல்றேன் சித்தப்பா."

பக்கத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்துக் கரிச்சட்டி கையில் கொடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அடுத்த கதையில ஊர் முழுக்கக் கரண்ட் கட். ஆமா, முதல் பக்கத்துலேர்ந்தே... எப்போ வருமா? வரவே வேண்டாம்."

சித்தப்பா இன்றைக்கும் விடாமல் வரைந்துகொண்டுதான் இருக்கிறார். அதனால், இதை உங்களுக்கு யார் சொன்னது என்று எவர் கேட்டாலும், வாயைத் திறந்துவிடாதீர்கள்.